கடலுக்கடியில் ஒரு கையெழுத்து
(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



மாலத்தீவில் வேலை கிடைத்தபோது, "உனக்கென்னடா, தினமும் பீச்!" என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேலி செய்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கல்லும் மணலும் காய்கறியும் தோணியேறிப் போகிற ஊர் அது. கல்லோடு கல்லாகப் போன சிவில் இன்ஜினியர் நான். ஒரு தீவில் சின்னத் துறைமுகம் கட்டும் வேலை. தண்ணீருக்குள் இறங்கித் தூண்களைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகிய தைரியத்தில் கையைத் தூக்கிவிட்டேன். அப்படித்தான் ஸ்கூபா வந்தது.

பாயில் விதியை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தவன் நான். கடல் அதை மறக்க விடவில்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும்; நுரையீரல் கிழிந்துவிடும். அதனால் முதல் பாடமே, மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டரை 1943-ல் பிரான்சில் உருவாக்கியவர்கள் கூஸ்தோவும் எமில் கான்யானும். கான்யான் நம்ம ஜாதி, அதாவது இன்ஜினியர்! பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாயுவில் ஓடிய கார்களுக்காகச் செய்த வால்வைத்தான் மாற்றிக் கொடுத்தார். மெக்கானிக்கல்காரர்கள் கைதட்டலாம்.

இரண்டாவது நாளே, 8 மீட்டரில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே பாய்ந்துவிடலாம் என்று காலை உதைத்தேன். பயிற்சியாளர், அந்தத் தீவுக்காரர், என் தோள்பட்டையைப் பிடித்து அழுத்தி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்: மூச்சு விடு, மூச்சு விடு. விட்டேன். இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பயம் போன பிறகுதான் கண் திறந்தது. தாம்பாளத்தைக் கவிழ்த்து அடுக்கியது போலப் பவளங்கள். மான்கொம்பு போலக் கிளைத்தவை. இடுக்கில் ஒரு விலாங்கு. 'கருக் கருக்'கென்று ஒரு சத்தம். கிளிமீன் பவளத்தைக் கடிக்கிறது! கடித்து அரைத்துக் கழிப்பதுதான் நாம் படம் பிடித்துக்கொள்ளும் வெள்ளை மணலில் பெரும்பங்கு. பவளம் என்பது கல் அல்ல, உயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது. வெளிச்சம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

இதைத் தெரிந்துகொண்டேதான் அந்த வெளிச்சத்தை நான் மறைத்தேன்.

துறைமுகத்துக்கு அடிமண் தோண்டும்போது மாவு போல வெண்சேறு கிளம்பும். அது பரவாமலிருக்கக் கடலில் திரை கட்டுவோம். வாரம் ஒருமுறை நீர்க் கலங்கலை அளந்து நான் கையெழுத்திட வேண்டும். அளவு எப்போதும் வரம்புக்குள். மாதிரி நீரை நீரோட்டத்துக்கு மேற்பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் தூண் பார்க்க இறங்கியவன், சும்மா அந்தப் பக்கம் போனேன். திரை ஒரு மூலையில் கிழிந்து ஆடுகிறது. தாம்பாளங்கள் மேல் விரற்கடை கனத்துக்குச் சேறு. கையால் விசிறினேன். சிலவற்றின் அடியில் பழுப்பு நிறம் இருந்தது. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பலவற்றில் வெறும் வெள்ளை எலும்பு.

அன்று மாலை தாளில் கையெழுத்துப் போடவில்லை. "தம்பி, மீனுக்காகவா வேலையை நிறுத்தணும்?" என்றார் மேலாளர். ஒன்பது நாள் வேலை நின்றது, திரை மாற்றினார்கள், அடுத்த மாதம் என்னையும் மாற்றினார்கள். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் இரண்டு வாரத் தாளில் இருப்பது என் கையெழுத்துதான்.

சேறு ஒன்றுதான் எதிரி என்றில்லை. 1998-லும் 2016-லும் கடல் சூடேறி மாலத்தீவுப் பவளங்கள் வெளிறின. 2024-லும் வெளிறின, உலக அளவில் நான்காவது வெளிறல் என்று அந்த ஏப்ரலில் அறிவித்தார்கள். அதற்கு யார் கையெழுத்துப் போட்டது என்று தேடினால் பட்டியல் நீளும்.

போன வருஷம் லீவில் என் செலவிலேயே போய் அதே இடத்தில் இறங்கினேன். பெரிய தாம்பாளங்கள் எழும்பவில்லை. செத்துப்போன ஒன்றின் விளிம்பில், ஐந்து ரூபாய் நாணயம் அளவில் நான்கு புதுப் பவளங்கள். இரண்டு தரம் எண்ணினேன். காற்று 50 பாருக்கு வந்துவிட்டது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மேலே வந்தேன்.

கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு அந்தமானும் லட்சத்தீவும் இருக்கின்றன. முதலில் டாக்டரிடம் காதையும் நெஞ்சையும் காட்டுங்கள். டைவ் அடித்த அன்றே விமானம் ஏறாதீர்கள். மற்றதைச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன்.