கருவிகள் அறிந்ததும் கரை அறியாததும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் கருவிகளைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். இலக்கணம் பேசுவேனென்று அஞ்சி வந்தோரும் ஈண்டு இருக்கக்கூடும், அவர்கள் மனந்தேறுவாராக. சென்ற திங்கள் ஏழாம் வகுப்பிற் ‘கடல்கோள்’ என்னுஞ் சொல்லுக்குப் பொருள் விரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, சுனாமி வந்த அன்று நிலநடுக்கத்தை அளக்குங் கருவிகள் உலகில் இல்லையா?” என்று வினவினாள். இருந்தன என்றேன். “அவை அறிந்தனவா?” என்றாள். அறிந்தன என்றேன். “அறிந்தவை நமக்கு ஏன் சொல்லவில்லை?” என்றாள். அவள் பிறத்தற்கு முன்னரே அவள் பாட்டனாரை அவ்வலை கொண்டுபோயிற்று. விடை கூற மாட்டாது நின்றேன். பின்னர்த் தேடிக் கற்றதனையே இன்று கூறப் புகுகின்றேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நம் நாட்டு நேரப்படி காலை 6.29 மணியளவிற் சுமத்திராத் தீவின் வடமேற்குக் கடலடியில் 9.1 அளவினதாகிய நிலநடுக்கம் நிகழ்ந்தது. நாகைக் கரையை அலை அடைந்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. நடக்கலாகாத முதியவள் ஒருத்தியைத் தோளிற் சுமந்து இரண்டு மூன்று கல் தொலைவு நடப்பதற்கு அது போதும். ஆயினும் அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அவாயித் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தார், நிலம் நடுங்கிய கால்மணி நேரத்திற்குள் தம் முதற் செய்தியை வெளியிட்டனர். பசிபிக் கடற்குத் தீங்கில்லை என்பதே அதன் கருத்து. அவரைக் குறைகூற யான் துணியேன். நில அதிர்வுக் கருவி நிலம் அசைந்ததைக் கூறுமேயன்றிக் கடல் எழுந்ததைக் கூறாது. அதனைக் கூறுவன கடல்மட்டக் கருவிகளும் ஆழ்கடற் கருவிகளுமே. அவர் நம்பியிருந்தவை பசிபிக் கடலில் இருந்தன. நம் பக்கத்திற் சென்னையிலும் தூத்துக்குடியிலும் கருவிகள் இருந்து அலையின் ஏற்றவிறக்கத்தை உள்ளபடியே பதிந்துவைத்தன. ஆனால் பதிந்ததை அந்நொடியே பிறர்க்கு அனுப்பும் வழி அமையவில்லை. எழுதி முடித்த கடிதம் பெட்டியிற் சேராது மேசைமேற் கிடந்தது போலாயிற்று. அலை மக்களை மாய்த்த செய்தியை அந்நிலையத்தாரே இணையத்துச் செய்தித்தாள்களிற் படித்தறிந்தனர் என்பது எனக்கு நெஞ்சை அறுப்பதாயிருந்தது.

நில அதிர்வு பாறையூடே நொடிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் ஓடும். அலையோ நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் அளவே செல்லும். கணக்கிட்டால் முன்னது பின்னதினும் நாற்பது மடங்கு விரைவுடையது. அவ்விடைவெளியே நம் உயிர்க்கு வாய்த்த தவணை. அத்தவணையை ஒரு நாட்டுக் கருவி தனித்து நின்று பயன்படுத்தலாகாது. பல இடத்துப் பதிவுகளை ஒப்புநோக்கினாலன்றி நடுக்கம் எங்கு நிகழ்ந்ததென்பது திண்ணமாகப் புலப்படாது. ஒப்புநோக்குதற்கோ எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றவேண்டும். ஒன்று ஒரு நொடி பிழைப்பின் தொலைவு எட்டுக் கிலோமீட்டர் பிழைக்கும். அளவும் குறியீடும் ஒன்றாதல் வேண்டும். இலக்கணத்திற்கு இங்கும் வேலையுண்டு என்று கூறி அமைகின்றேன்.

தம் கருவி பதிந்ததைப் பிற நாட்டார்க்கு அளிக்க அரசினர் தயங்குவதும் காரணமின்றி அன்று. நிலநடுக்கத்தைக் கேட்குஞ் செவி அணுகுண்டுச் சோதனையையுங் கேட்கும். 1996-இல் உண்டான அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையின் பொருட்டு, வியன்னா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு ஒன்று நில அதிர்வையும், கடலுள் ஓடும் ஒலியையும், காற்றில் வருஞ் செவிக்கெட்டா ஒலியையும், கதிரியக்கத் துகளையும் உணருங் கருவிகளை உலகெங்கும் நிறுவியது. களவாய்க் குண்டு வெடிப்பாரைக் கண்டுபிடித்தலே அவற்றின் நோக்கம். பதிவுகள் உறுப்புநாடுகட்கே உரியன. 2004-இன் பேரழிவுக்குப் பின்னர், 2005-இற் சோதனை முறையில் அப்பதிவுகள் சுனாமி எச்சரிக்கை நிலையங்கட்கு அளிக்கப்பட்டன. 2006 நவம்பரில் முறையான ஒப்புதலும் கிடைத்தது. கள்வனைப் பிடிக்க வைத்த காவலாளி, தீப்பற்றியதைக் கண்டு தெருவாரை எழுப்பவும் இசைவு பெற்றான். இத்துணை எளிய இசைவிற்கு இத்துணை உயிர் விலையாக வேண்டியிருந்ததே!

நம் நாட்டார் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் நிறுவினர். 2011 அக்டோபர் முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாட்டு நிலையங்களும் இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகட்கு அறிவிப்பு வழங்கும் பொறுப்பை ஏற்றன. ஆழ்கடலின் அடியிற் கிடக்குங் கருவி தன்மேலுள்ள நீரின் பாரத்தை அளந்து ஒலியால் மிதவைக்கு உரைக்க, மிதவை அதனைச் செயற்கைக்கோள் வழியே கரைக்கு உரைக்கின்றது. 2012 ஏப்ரல் 11-இல் 8.6 அளவுள்ள நடுக்கம் அதே சுமத்திராவுக்கு மேற்கே நிகழ்ந்தபோது எச்சரிக்கை உடனே விடப்பட்டது. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தமையாற் கடல் பெரிதும் எழவில்லை. கடற்கருவிகள் அதனைக் காட்டவே, அன்றே எச்சரிக்கை நீக்கப்பட்டது. வீணாக ஓடினோம் என்று அன்று முணுமுணுத்தோர் உளர். அவ்வோட்டம் வீணன்று.

கடற்றொழில் செய்யும் உறவினரை உடையோர் இங்கு இருப்பின் ஒன்று வேண்டிக்கொள்வேன். நடுக்கடலில் நிற்கும் அம்மிதவைகளிற் படகைக் கட்டுதலும், அவற்றின் உறுப்புகளைக் கழற்றுதலும் பல கடல்களில் நிகழ்கின்றன. மிதவை வாய்மூடினால் அடியிலுள்ள கருவி யாரிடம் பேசும்?

செய்தி ஐதராபாத்தை அடைவதோடு வேலை முடிந்ததன்று. 2020 ஆகஸ்டில், நோய்ப்பரவலின் நெருக்கடிக்கிடையே, ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்னும் இரண்டு கடற்கரைச் சிற்றூர்கள் சுனாமியை எதிர்கொள்ள அணியமானவை என யுனெஸ்கோவின் கடலியற் குழுவினரால் ஏற்கப்பட்டன. அங்கே எவ்வழி ஓடுவது, எங்கே தங்குவது, முதியோரை யார் தூக்குவது என்பனவெல்லாம் ஊராரே வரைந்து, பயின்றும் வைத்துள்ளனர்.

இவ்வளவையும் அம்மாணவிக்கு இரண்டு நாள் வகுப்பிற் கூறினேன். கேட்டு முடித்தவள், “ஐயா, நம் பள்ளியில் எவ்வழி ஓடுவது?” என்றாள். தலைமையாசிரியரிடம் அழைத்துச் சென்றேன். மூவரும் சேர்ந்து பள்ளியின் வரைபடத்தை விரித்து அமர்ந்தோம்.