பொது ஏரி யாருக்குப் பொது?

(திருவண்ணாமலையில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும் முன் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, மைனர் பாடமா சுற்றுச்சூழல், இயற்கை வளப் பொருளியல் எடுக்கலாமா? மரம் நடச் சொல்ற பாடம்தானே?"

மரம் நடச் சொல்கிற பாடம் இல்லை தம்பி. தண்ணீர், நிலம், காடு, கனிமம் இதெல்லாம் யார் கைக்குப் போகிறது, நட்டம் யார் தலையில் விழுகிறது, அதற்கு எப்படி விலை போடுகிறார்கள் என்று பார்க்கிற பாடம். அந்தப் பாடநூலில் பெரும்பாலும் சாதி என்ற சொல்லே வராது. அதனால்தான் நாம் எடுக்க வேண்டும் என்கிறேன்.

தொடக்கத்திலேயே 'பொதுவளம்' என்ற பாடம் வரும். மேய்ச்சல் நிலத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டால் ஆளாளுக்கு மாட்டை ஓட்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் கேரட் ஹார்டின் எழுதினார். அப்படியொன்றும் கட்டாயமில்லை, மக்கள் கூடி விதி வகுத்துக் காப்பாற்றிய இடங்கள் பல உண்டு என்று எலினார் ஆஸ்ட்ரம் காட்டினார். 2009-இல் நோபல் பரிசு வாங்கினார். அருமையான ஆய்வு. ஆனால் 'ஊர் கூடி' என்று யாராவது சொன்னால் நமக்குக் கொஞ்சம் உறுத்த வேண்டும். நம் மாவட்டத்தில் ஊர் வேறு, சேரி வேறு. ஊர் ஏரி என்கிறார்கள். பல ஊர்களில் மடையைத் திறந்து மூடிய நீர்க்கட்டி நம் ஆள்தான். அந்தத் தண்ணீர் பாய்ந்த நஞ்சையில் அவர் பெயருக்கு எத்தனை சென்ட் பட்டா இருந்தது? மீன் குத்தகை எடுக்கும்போது அவரை யார் கூப்பிட்டார்கள்?

ஒருவரை ஒரு வளத்திலிருந்து விலக்கி வைக்கச் செலவாகும் என்று பாடநூல் சொல்லும். வேலி போட வேண்டும், காவல் வைக்க வேண்டும். சாதிக்கு வேலியும் வேண்டாம், வாட்ச்மேனும் வேண்டாம். பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே மகாடு நகராட்சியும் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் பொதுவாகிவிட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அன்று நம் மக்களுக்கு அடியும் விழுந்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. விலக்கி வைக்கும் செலவை விலக்கப்பட்டவர்களே கட்டினார்கள்.

நம்ம மலைக்கு வருவோம். ஓர் இடத்துக்கு வருகிறவர்கள் செய்யும் பயணச் செலவை வைத்து அந்த இடத்துக்கு மதிப்புப் போடும் முறை ஒன்று உண்டு. 1947-இல் ஹோட்டலிங் அமெரிக்கப் பூங்காக்களுக்காகச் சொன்ன யோசனை. 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவரின் பஸ் கட்டணம், லாட்ஜ் வாடகை, விட்டுவந்த ஒரு நாள் சம்பளம் எல்லாம் கூட்டினால் மலைக்குக் கோடிக்கணக்கில் மதிப்பு வரும். பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் அந்தப் பாதையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் இந்தக் கணக்கில் எங்கே வருவார்? அவர் செலவழித்துக்கொண்டு வரவில்லையே! 2024 டிசம்பர் 1 அன்று இதே மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் செத்தார்கள். சரிவில் ஏன் வீடு கட்டினார்கள் என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். ஏழைக்கு எந்த விலையில் எந்த இடம் கிடைக்கிறது என்பதும் இதே பாடத்தில் உள்ள கேள்விதான். அதை யாராவது எழுப்ப வேண்டும்.

நிலம் எடுக்கும்போதும் இதே கதைதான். பட்டா உள்ளவரோடுதான் பேசுவார்கள். அங்கே மூன்றாண்டு கூலி வேலை செய்து பிழைப்பை இழக்கும் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013 நில எடுப்புச் சட்டம் சொல்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேட்க நம்மில் எத்தனை பேர் தயார்?

வேலை கிடைக்குமா என்றும் அந்தத் தம்பி கேட்டார். இதை மட்டும் வைத்துக்கொண்டு கஷ்டம். கூடவே புள்ளியியல் படியுங்கள், பயப்படாதீர்கள்.

சின்னதாக ஒரு ஆய்வேடு எழுதச் சொன்னால் வேறெங்கும் போகாதீர்கள், உங்கள் ஊர் ஏரியையே எடுங்கள். ஆயக்கட்டு எவ்வளவு, அதில் பட்டா யார் யார் பெயரில், மீன் குத்தகைப் பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கேட்டுத் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடலாம்.