பறையும் பக்கத்து வீடும்



புறநானூற்றின் 194ஆவது பாட்டு மிகச் சிறியது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டிலே சாப்பறை ஒலிக்கின்றது. இன்னொரு வீட்டிலே மண முழவு ஒலிக்கின்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்ட புலவர், இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று படைத்தவனையே ஏசிவிடுகிறார். பொதுவியல் திணை, பெருங்காஞ்சித் துறை, கருத்து நிலையாமை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வழக்கம். பரீட்சைக்கு அது போதும்.

சில வருடங்களுக்கு முன் உயர்தர வகுப்பில் இந்தப் பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "சேர், செத்த வீட்டுக்காரருக்கு அந்தக் கல்யாண மேளம் கேட்டிருக்கும்தானே. அவர்கள் போய் ஒன்றும் சொல்லவில்லையா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனேன். அந்த வருட ஆடியில் அதே கேள்வி எங்கள் கோயில் வாசலுக்கு வந்தது.

கண்டி நகரை அடுத்த ஒரு மேட்டு நிலத்தில் இருக்கிறது அந்தச் சிறிய அம்மன் கோயில். பெயர் வேண்டாம். நான் அதன் திருவிழாக் குழுச் செயலாளர். தமிழ் வாத்தியார் ஒருவர் அயலில் குடியிருந்தால் நோட்டீஸ் எழுதுகின்ற வேலை அவரைத் தேடி வரும், அப்படி வந்த பதவி. ஆறாம் நாள் இரவு வெளி வளவிலே மேடை போட்டு முதலில் நாதஸ்வரமும் தவிலும், அதன்பின் ஓர் இசைக்குழுவின் பக்திப் பாடல்களும் ஏற்பாடாகியிருந்தன. நள்ளிரவுவரை நடத்த ஆசை. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி என்றால் பொலிசாரின் விசேட அனுமதி வேண்டும், அதற்கு அயலவரின் அபிப்பிராயமும் அறியப்பட வேண்டும். கடிதத்தை நான்தான் எழுதினேன். ஒரு நண்பர் சிங்களத்தில் பெயர்த்துத் தந்தார். 'அயலவர் அனைவரிடமும் கேட்டறிந்தோம், எவருக்கும் ஆட்சேபணை இல்லை' என்பது அதில் ஒரு வசனம். உண்மையில் நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. யார் வந்து மறுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. கடிதம் நம்பப்பட்டது, அனுமதி கிடைத்தது, கச்சேரியும் நன்றாகவே நடந்தது.

விழா முடிந்த மூன்றாம் நாள் கோயில் மதிலுக்கு அப்பால் உள்ள சிங்கள வீட்டின் முன்னால் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. அந்த வீட்டு ஆச்சி காலமாகிவிட்டார். (ஆச்சி என்ற சொல் அவர்களுக்கும் ஆச்சிதான், எங்களுக்கும் ஆச்சிதான்.) போய் இருந்தேன். மகன் கதிரை போட்டு, தேநீர் தந்து பக்கத்தில் அமர்ந்தார். எத்தனை நாளாகச் சுகமில்லை என்று கேட்டேன். இரண்டு கிழமை என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அந்த மியூசிக் ராத்திரிதான் அம்மாவுக்குக் கொஞ்சம் கஷ்டமாகப் போனது. ஜன்னல் எல்லாம் சாத்தி, காதுக்குப் பஞ்சு வைத்தோம். கோயில் விழாதானே சேர், எப்படி வந்து சொல்கிறது?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியாகவே சொன்னார். குறையாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அடுத்த வருட விழாவுக்கான முதற் கூட்டத்தில் இதை எடுத்தேன். இரவுக் கச்சேரியைப் 10 மணியோடு நிறுத்துவோம், அயலவரிடம் உண்மையாகவே போய்க் கேட்போம் என்றேன். கூட்டம் கொதித்தது. "எசல பெரஹராவின் கும்பல் ஐந்து இரவும் ரந்தோலி ஐந்து இரவும் பேரிகை அடிக்கிறார்களே, எங்களைக் கேட்டா அடிக்கிறார்கள்? விடியற்காலை பாங்கு ஒலிக்கிறது, பன்சலையில் பிரித் ஒலிக்கிறது. எங்களுக்கு மட்டும் என்ன கேள்வி?" என்றார் ஒரு பெரியவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். இந்த நாட்டில் 1983ஐப் பார்த்த மனிதர் அவர். சத்தம் குறைந்தால் தாங்களும் குறைந்துவிடுவோம் என்ற பயம் சிறுபான்மையாக வாழ்கின்றவர்களின் நெஞ்சில் எப்போதும் இருக்கிறது. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டுகின்ற கை பல வேளைகளில் அந்தப் பயத்தின் கைதான்.

அன்று நான் அவர்களுக்குக் கம்பளைக் கதையைச் சொன்னேன். கண்டியிலிருந்து ரயிலேறினால் பேராதனை தாண்டி வருகின்ற அதே கம்பளை. அங்குள்ள வலஹாகொட தேவாலையின் பெரஹரா அம்பகமுவ வீதி வழியாகப் போவது பழைய வழக்கம். அந்த வீதியில் இந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் பள்ளிவாசல் ஒன்றை அமைத்திருந்தார்கள். தொழுகை இடத்தின் முன்னால் மேளம் கூடாது என்பது அவர்கள் வேண்டுகோள். 1912இல் அதிகாரிகள், பள்ளிவாசலின் இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்கு வாத்தியங்களை நிறுத்திக்கொண்டு போகலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். பஸ்நாயக்க நிலமே அதற்கு உடன்படவில்லை. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு எங்கள் சமய வழக்கங்களைக் காப்பதாக வாக்களித்திருக்கிறதே என்று கண்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே நீதிபதியாக இருந்தவர் போல் ஈ. பீரிஸ். போர்த்துக்கேயர் காலத்து இலங்கை வரலாற்றை எழுதியவராக அவரை நம்மிற் பலர் அறிவோம். 1914இல் அவர் தேவாலையின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

கவனியுங்கள். பல பத்தாண்டுகளாக ஒரே வீதியில் அரிசியும் துணியும் விற்று வாங்கிய மனிதர்களுக்கிடையில் இருந்த காரியம் இப்போது ஒப்பந்தம், கட்டளைச் சட்டம், மேன்முறையீடு என்று ஆகிவிட்டது. ஒரு பக்கம் வென்றால் மறுபக்கம் அவமானப்பட்டுத்தான் ஆக வேண்டும். 1915 மே 28, வெசாக் இரவு. கண்டி காசல் ஹில் வீதியில், பாட்டோடு வந்த வெசாக் குழுவினருக்கும் பள்ளிவாசலருகே நின்றவர்களுக்கும் இடையே கைகலப்பு மூண்டது. கல் பறந்தது, கடைகள் உடைந்தன, நாட்கணக்கில் கலவரம் கொழும்புவரை பரவியது, இராணுவச் சட்டம் வந்தது, உயிர்கள் போயின. மேளத்தினால் மட்டும் வந்த கலவரம் என்று நான் சொல்லவரவில்லை. வியாபாரப் போட்டி, சமய மறுமலர்ச்சியின் வேகம், ஆட்சியாளரின் அவசரப் புத்தி என்று வரலாற்றாசிரியர் காட்டுகின்ற காரணங்கள் பல. ஆனாலும் பற்றிக்கொள்ளத் தயாராக இருந்த கூரைக்குக் கிடைத்த பொறி, யாருடைய வாசலில் யார் மேளம் அடிப்பது என்பதுதான்.

கூட்டத்திலிருந்த அந்தப் பெரியவர், "அப்படியென்றால் அடிக்காதே என்கிறீரா, வாத்தியார்?" என்று கேட்டார். அடிக்கலாம் ஐயா, கேட்டுவிட்டு அடிக்கலாம் என்றேன். தமிழிலே 'கேள்' என்பது விசித்திரமான சொல். காதால் உணர்வதும் கேட்டல், வாயால் வினவுவதும் கேட்டல். உறவினருக்கும் கேள் என்றே பெயர். மூன்றுக்கும் வேர் ஒன்றா என்று மொழியியலாரோடு சண்டைக்கு நான் வரவில்லை. ஒரு சொல்லுக்குள் மூன்றும் குடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

இதைச் சட்டமும் ஓரளவு அறிந்திருக்கிறது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கில், 2007 நவம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு வழிகாட்டல் தந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. பகலிலும் குறித்த காரியத்துக்கு, குறித்த நேரத்துக்கு மட்டும், ஒலி அந்த இடத்தின் எல்லையைத் தாண்டாதபடி. விசேட சமய நிகழ்ச்சிக்கு இரவில் அனுமதி கொடுப்பதானால், சுற்றிலும் குடியிருப்போரின் கருத்தை அறிந்து, அதைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். நான் பொய் எழுதியது இந்த இடத்தில்தான். சட்டம் கேட்கச் சொல்லும். கேட்டாயா என்று அதனால் என் மனத்துக்குள் வந்து பார்க்க முடியாது.

முடிவில் கூட்டம் அரைமனதோடு ஒப்புக்கொண்டது. நானும் இரண்டு இளைஞர்களும் பின்னேரங்களில் வீடு வீடாக நடந்தோம். முதலில் மதிலையொட்டிய வீடுகள் என்றுதான் கணக்கு. எங்கள் கல்லூரியின் பௌதிகவியல் ஆசிரியர் அந்தக் கணக்கைக் கலைத்தார். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலை நிற்கின்ற ஒரு கிண்ணம். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைய வேண்டும். பகலில் நிலத்தோரக் காற்றுச் சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிந்த இரவில் நிலம் குளிர்ந்து அதற்கு மேலே சற்றுச் சூடான காற்றுப் படிந்தால், ஒலி கீழ்நோக்கி வளைந்து தூரத்து வீட்டுக் கூரையில் இறங்கும். எதிர்ச் சரிவில் இருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றார் அவர். போனோம். பள்ளத்தைத் தாண்டி அரைமைல் தூரத்தில், நாங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒரு குடும்பம் எங்கள் திருவிழாவின் நிகழ்ச்சி நிரலை நாள் தவறாமல் ஒப்புவித்தது. அயலார் என்ற சொல்லுக்குப் பக்கத்து வீட்டார் என்றும் பொருள், அந்நியர் என்றும் பொருள். இரண்டும் ஒரே ஆட்கள்தான் என்பதை அன்று கண்டேன்.

எவரும் விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துப் போன கோபம் எங்குமே இல்லை. இரவு வேலைக்குப் போய்வருகின்ற ஒரு தாதி, காலை நாலரை மணிப் பாட்டை மட்டும் விடச் சொன்னார். பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளையுள்ள வீட்டில், ஸ்பீக்கரின் வாயை மலைப் பக்கம் திருப்ப முடியுமா என்றார்கள். சந்தியிலுள்ள பள்ளிவாசல் மௌலவி, மஃரிபுக்கும் இஷாவுக்கும் பாங்கு சொல்லுகின்ற சில நிமிடம் நிறுத்தினால் போதும் என்று சொல்லி, தேநீரும் தந்தார். ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ஆசிரியர் தவிலைக் குறைக்கவே வேண்டாம், அதற்காகவே வருடம் முழுவதும் காத்திருக்கிறேன், அந்தப் பெட்டிச் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

அவர் சொன்னதை நான் பலநாள் யோசித்தேன். நான் பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவில். ஒரு காம்பராவில் இருமினால் நாலாம் காம்பராவில் கேட்கும். அங்கே சத்தம் இல்லாமலா இருந்தது? பெரட்டுக்குத் தப்பு, சாமிக்குத் தப்பு, சாவுக்குத் தப்பு, மாசி மாதக் காமன் கூத்துக்குத் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கின்றவர்களுக்குக் கீழே என்ன நடக்கிறதென்று அடியிலேயே தெரிந்துவிடும். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் வைத்ததன் காரணத்தை உரைநூல்களிற் படிப்பதற்கு முன்பே நான் அந்த லயத்தில் அறிந்திருந்தேன். லயத்தில் ஒரு சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை கூத்துத் தப்பு ஓய்ந்துவிடும். யாரும் கடிதம் எழுதுவதில்லை. அடிக்கிறவனுக்குக் காது இருந்தது. அழுகுரல் அவனுக்கும் கேட்டது. கையும் ஒருநேரம் ஓய்ந்துபோகும். ஒலிபெருக்கிக்கு வாய் மட்டுமே. அதற்குக் கையும் ஓயாது, காதும் கிடையாது.

ஆகவே அந்த வருடம் குழாய் ஸ்பீக்கர்களை மரத்திலிருந்து இறக்கினோம். மேடைக்கு மட்டும் சிறிய பெட்டிகள் இரண்டு, அவையும் மலைப் பக்கம் பார்த்தபடி. தவில் தன் சொந்தக் குரலிலேயே ஒலித்தது. இஷா நேரத்தில் வித்துவான்கள் வாத்தியத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். 10 மணிக்கு மங்களம். கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்ட பெரியவர், "கல்யாண வீட்டில் உப்பு மறந்த மாதிரி இருக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர் தொகையும் சற்றுக் குறைவுதான். இசைக்குழுவை அழைக்காததால் இளைஞர் சிலர் இரண்டு வருடம் கோயிற் பக்கமே வரவில்லை. அவர்களை இழந்தது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. இப்போது அந்த இசைக்குழு பகல் நேரத்தில், மூன்று மணிக்கு வாசிக்கின்றது. சில பிள்ளைகள் திரும்பியிருக்கிறார்கள்.

எதிர்ச் சரிவிலுள்ள ஒரு வீட்டுக்காரர் மட்டும் இன்னமும் இணங்கவில்லை. எந்த வாத்தியமும், எந்த நேரத்திலும் வேண்டாம் என்கிறார். காரணம் சொல்வதில்லை. சரிதான் என்று விழாவைக் கைவிடவும் எங்களால் முடியாது, அவர் ஒருவர்தானே என்று கடிதத்தில் பழைய வசனத்தை எழுதவும் இனி என்னால் முடியாது. 'ஒருவர் உடன்படவில்லை' என்றே எழுதிக் கொடுக்கிறோம். ஒவ்வொரு ஆனியிலும் அவர் வீட்டுப் படியேறுகிறேன். போன முறை உள்ளே வந்து இருக்கச் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. வேறு விஷயங்கள் கதைத்துவிட்டு வந்தேன். இந்த ஆனியிலும் போக வேண்டும்.