டூம்ஸ்டோன் நகரத்து மாந்தர்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ நாட்டு எல்லைக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரும் அதில் வாழ்ந்த மாந்தரும் ஆகும். ஊரின் பெயர் டூம்ஸ்டோன். தமிழில் சொன்னால் கல்லறைக்கல். ஓர் ஊருக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று நீங்கள் வியக்கலாம். அப்பெயர் ஓர் ஏளனச் சொல்லிலிருந்து பிறந்தது.

1877ஆம் ஆண்டில் எட் ஷீஃபெலின் என்பவர் அங்குள்ள குன்றுகளில் தனியராய்க் கனிமம் தேடி அலைந்தார். அது அப்பாச்சி மக்களின் நிலம். அந்நாளில் போர் ஓயாத நிலம். அங்கே அவருக்குக் கிடைக்கப்போகும் கல் அவருடைய கல்லறைக்கல் ஒன்றே என்று படைவீரர்கள் எள்ளினார்களாம். அவர் கண்டதோ வெள்ளி. தம் சுரங்க உரிமைக்கு அந்த ஏளனச் சொல்லையே பெயராகச் சூட்டினார். 1879இல் ஊர் எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரவர் வந்து குவிந்தனர்.

இவ்வூரை உலகம் அறிந்திருப்பது ஏறத்தாழ முப்பது நொடிகளால். 1881 அக்டோபர் 26ஆம் நாள் பிற்பகல், நகரக் காவல் தலைவர் வர்ஜில் ஏர்ப், அவர் தம்பியர் வயட், மோர்கன், பல் மருத்துவராயிருந்து சூதாடியாக மாறிய டாக் ஹாலிடே ஆகிய நால்வர் ஒரு பக்கம். கிளாண்டன், மெக்லோரி குடும்பத்தாரும் அவர்தம் கூட்டாளிகளும் மறுபக்கம். துப்பாக்கிச் சூடு ஓய்ந்தபோது மூவர் மாண்டனர், மூவர் காயமுற்றனர். வயட் ஏர்ப் மேல் ஒரு குண்டும் படவில்லை. அவர் அவ்வூரில் வாழ்ந்தது இரண்டாண்டுகளுக்குச் சற்று மேல், 1882இல் வெளியேறிவிட்டார். ஆயினும், டூம்ஸ்டோன் என்றதும் உலகம் நினைப்பது அவர் பெயரைத்தான். அவர் 1929இல் மறைந்தார். 1931இல் வெளியான வாழ்க்கை வரலாற்று நூலும், அதன் பின் வந்த திரைப்படங்களும் அவரைக் காவிய வீரராக்கின.

நம் முன்னோர் போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரையும் பெருமையையும் கல்லில் பொறித்தனர். அது பெருமைக்குரிய மரபு. ஆனால், ஓர் ஊரே நடுகல்லாகும்போது அதில் எவர் பெயர் பொறிக்கப்படுகிறது, எவர் பெயர் விடுபடுகிறது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை முன்வைத்து, அவ்வூர் மாந்தர் சிலரை நாம் காண்போம்.

முதலாமவர் ஜான் கிளம். இவர் முன்னர் சான் கார்லோசில் அப்பாச்சி மக்களுக்கான அரசு அலுவலராக இருந்தவர். 1880 மே 1ஆம் நாள் டூம்ஸ்டோனில் ஓர் இதழைத் தொடங்கி, அதற்கு 'எபிடாஃப்' என்று பெயரிட்டார். கல்லறை வாசகம் என்பது அச்சொல்லின் பொருள். கல்லறைக்கல் இருந்தால் வாசகமும் வேண்டுமன்றோ! மறு ஆண்டு அவரே நகரத் தந்தையுமானார். அதே ஊரில் 'நக்கெட்' என்னும் மற்றோர் இதழும் இருந்தது. எபிடாஃப் ஏர்ப் உடன்பிறந்தாரை ஆதரித்தது. நக்கெட் எதிரணியை ஆதரித்தது. ஊர் ஒன்று, நிகழ்ச்சி ஒன்று; ஆயினும் கடமையைச் செய்த காவலர் என்பது ஒரு பார்வை, கொலை செய்தவர் என்பது மற்றொரு பார்வை. நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் ஏறத்தாழ ஒரு மாதம் சாட்சியம் கேட்டு, வழக்கைத் தொடரப் போதிய காரணமில்லை என்று முடித்தார். ஊரின் வழக்கோ முடியவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வர்ஜில் சுடப்பட்டுக் கை முடமானார். அடுத்த மார்ச்சில் மோர்கன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாமவர் நிழற்படக் கலைஞர் கமிலஸ் ஃபிளை. அந்தச் சண்டை பெயர்பெற்ற ஓ.கே. கொட்டிலுக்குள் நிகழவில்லை; ஃபிளையின் தங்கும் விடுதிக்கும் நிழற்படக் கூடத்துக்கும் பக்கத்தில் இருந்த ஒடுக்கமான வெற்றிடத்தில் நிகழ்ந்தது. கருவி கையெட்டும் தொலைவில் இருந்தும், அச்சண்டையின் படம் ஒன்றும் இல்லை. பெரும்புகழ் பெற்ற அந்நிகழ்ச்சிக்கு உள்ளவை சொற்களே. ஃபிளையின் பெயரை நிலைநாட்டியவை 1886 மார்ச்சில் அவர் எடுத்த படங்கள். படைத்தளபதி குருக்குடன் பேச வந்த அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவையும் அவர் உடனிருந்தோரையும், அவர்கள் சரணடையும் முன்னரே, அவர்தம் இடத்திலேயே அவர் படம்பிடித்தார். கணவர் வெளியூர் சென்ற நாள்களில் கூடத்தை நடத்தியவர், தாமும் நிழற்படக் கலைஞராயிருந்த அவர் மனைவி மோலி.

மூன்றாமவர் மருத்துவர் ஜார்ஜ் குட்ஃபெலோ. அக்காலத்தில் வயிற்றில் குண்டு பாய்ந்தவர் பிழைப்பது அரிது. வயிற்றைத் திறந்து அறுவை செய்யப் பெரும்பாலான மருத்துவர் துணியவில்லை. 1881இல் சுடப்பட்ட குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் காயத்தைத் தூய்மை செய்யாத விரல்களால் மருத்துவர் துழாவினர். சீழ்பிடித்து அவர் மாண்டார். தலைநகரில் இந்நிலை இருக்க, பாலைநிலத்துச் சுரங்க ஊரில் குட்ஃபெலோ கிருமி நீக்கும் முறையைக் கைக்கொண்டு, வயிற்றைத் திறந்து உயிர்களைக் காத்தார். வர்ஜிலின் கை எலும்பில் ஒரு பகுதியை அகற்றிக் கையை வெட்டாமல் காப்பாற்றியவரும் அவரே. தாம் கண்ட சில காயங்களில் பட்டுத்துணியைக் குண்டு துளைக்காததைக் கவனித்து, 1887இல் கட்டுரையாக எழுதினார். பிறர் சுட்டதால் பெயர்பெற்ற ஊரில், சுடப்பட்டோரிடமிருந்து கற்றவர் இவர்.

நான்காமவர் நெல்லி கேஷ்மன். அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கா சென்றவர். உணவகமும் விடுதியும் நடத்தினார். தேவாலயம் எழுப்பவும் நோயுற்ற தொழிலாளருக்கு உதவவும் வீடு வீடாகப் பொருள் திரட்டினார். தங்கை இறந்தபின் அவர் பிள்ளைகள் ஐவரையும் வளர்த்தார். 1884 மார்ச்சில், பிஸ்பீ ஊரில் கொள்ளையிட்டுக் கொலை செய்த ஐவர் தூக்கிலிடப்படவிருந்தனர். அதைக் கட்டணம் கொடுத்துக் காண்பதற்காக ஒருவர் பார்வையாளர் மேடை அமைத்தார். சாவைக் காட்சிப்பொருளாக்குவதைப் பொறாத நெல்லி, சிலரைத் துணைக்கொண்டு இரவோடு இரவாக அம்மேடையைத் தகர்த்தார் என்பர். துப்பாக்கி ஏந்தாமல் காட்டிய இவ்வீரத்திற்கு எந்த நடுகல்லில் இடம் உண்டு?

ஐந்தாமவரை ஊரார் 'சைனா மேரி' என்று அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயரை ஊர் தன் நாவில் ஏற்றுக்கொள்ளவில்லை. சீனத் தொழிலாளர் வருவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1882இல் இயற்றியது. அத்தகைய காலத்தில் இவர் கடை நடத்தினார்; சமையலுக்கும் சலவைக்கும் சீனர்களை அனுப்பி, அவர்தம் நாணயத்துக்குத் தாமே பிணை நின்றார். 1906இல் மறைந்த அவர், அச்சண்டையில் மாண்ட மூவரும் துயிலும் பூட்ஹில் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வூரைக் குறிக்க நாம் கையாளும் 'எல்லைப்புற நகரம்' என்னும் சொல்லையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். யாருக்கு எல்லை? கிழக்கிலிருந்து வந்தோர்க்கு அது எல்லை. சிரிக்காவா அப்பாச்சி மக்களுக்கோ அது தாயகம். அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தை அரசு 1876இல் பறித்தது. மறு ஆண்டு வெள்ளி கண்டறியப்பட்டது. 1886இல் ஜெரோனிமோ சரணடைந்தபின் அம்மக்கள் தொலைவிலுள்ள ஃபிளாரிடாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்தம் தலைவர் கோச்சிஸின் பெயர் மட்டும், 1881இல் அமைந்த மாவட்டத்தின் பெயராக அங்கேயே தங்கிவிட்டது. மக்களை நீக்கிவிட்டுப் பெயரை வைத்துக்கொள்வது வரலாற்றில் புதிதன்று.

அவ்வூரின் வளமும் நிலைக்கவில்லை. ஏறத்தாழ 500 அடி ஆழத்தில் சுரங்கங்களுக்குள் நீர் ஊறியது. 1886இல் நீரிறைக்கும் பெரிய நிலையம் ஒன்று தீக்கிரையானது; வெள்ளியின் விலையும் சரிந்தது; மக்கள் கலைந்தனர். 1929இல் மாவட்டத் தலைமையிடமும் பிஸ்பீக்கு மாறியது. இன்று அவ்வூர் பெரும்பாலும் அந்த முப்பது நொடிகளை நடித்துக்காட்டிப் பிழைக்கிறது.

அன்பர்களே, நடிப்பதில் பிழையில்லை. அதுவே முழு வரலாறு என்று நம்புவதில்தான் பிழை. குண்டு சுட்டவனை ஊர் எளிதில் நினைவுகொள்கிறது. குண்டை எடுத்தவரையும், சோறிட்டவரையும், பிணை நின்றவரையும் யாரேனும் எழுதிவைத்தால்தான் நினைவுகொள்ள இயலும். எழுத்தே அவர்களுக்கு நடுகல். ஊர் வரலாறு எழுத முற்படும் இளையோர், 'இங்கே வென்றவர் யார்' என்று கேட்குமுன், 'இங்கே அடுப்பு மூட்டியவர் யார், நோய் தீர்த்தவர் யார், இந்நிலத்தில் முன்பு இருந்தவர் யார்' என்று கேட்பார்களாக. அக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியோர் உயிரோடிருக்கும்போதே கேட்பார்களாக.