கேக்கிற்கு அடர்நிறம் ஏற்றும் முறை

ஒரு காலத்தில் பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் நம் வீடுகளில் பாயசமும் கேசரியும் மணக்கும். இன்று கேக் இல்லாமல் பிறந்தநாள் இல்லை. வேலை முடிந்து வந்த களைப்போடு மாலையில் கேக் செய்து விற்று, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு நாலு வெள்ளி சேர்க்கும் தாய்மார்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றைய பேச்சு பெரிதும் அவர்களுக்காகத்தான்.

அத்தகைய தாய் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்வோம். கருஞ்சிவப்பும் கறுப்பும் கலந்து ஒரு பிறந்தநாள் கேக் வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். கேக்கின்மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் என்னும் சீனிமாவை அவரே வீட்டில் பிசைந்து, சிவப்புச் சாயத்தை ஊற்றினார். மாவு ரோசா நிறமானது. இன்னும் ஊற்றினார். மாவு இளகிக் கையில் ஒட்டியது. ஒட்டாமலிருக்க ஐசிங் சீனியைத் தூவினார். மறுபடியும் ரோசா நிறம்! போத்தல் காலியாயிற்று, சிவப்பு மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டம்மாள், தீபாவளிக்கு அரிசிக் கோலம் போட்டு மிச்சமிருந்த சிவப்புப் பொடியைக் கொண்டுவந்து, "இதில் ஒரு சிட்டிகை போதும், இரத்தச் சிவப்பாக வரும்" என்றார். நல்ல வேளையாக, அந்தத் தாய் தம் மகளிடம் பொட்டலத்தைக் கொடுத்து, சேர்க்கலாமா என்று எம்மிடம் கேட்டனுப்பினார். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதில் என்ன சாயம் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. "சேர்க்கவே கூடாது" என்று சொல்லியனுப்பினோம்.

ஏன் கூடாது? கோலத்துக்கும் துணிக்கும் காகிதத்துக்கும் செய்யப்படும் சாயங்கள் வயிற்றுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரோடமின் பி என்பது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் பளிச்சென்ற சிவப்புச் சாயம். அதை உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி இல்லை. எந்தெந்தச் சாயங்களை உணவில் சேர்க்கலாம் என்று 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் பட்டியலிட்டிருக்கின்றன. ஆகவே, சாயம் வாங்கும்போது அது உணவுக்குரியது என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா, என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலாய் மொழியில் 'பெவார்னா மக்கானான்' என்றிருக்கும். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லலாம்.

மினுமினுப்புப் பொடி வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'நஞ்சற்றது' என்று எழுதியிருந்தால் அது 'உண்ணத்தக்கது' என்று பொருளாகாது. 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் கேக்கைத் தின்ற 6 பிள்ளைகள் நோயுற்றார்கள். கேக்கின்மேல் பூசியிருந்த பொடியைச் சோதித்தபோது அதில் பெரும்பகுதி செம்பு என்று தெரியவந்தது. அழகுக்குப் பூசியது, பிள்ளைகளின் வயிற்றுக்குத் தீங்காக முடிந்தது.

சரி, அந்தத் தாயின் மாவு ஏன் சிவக்கவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் ஊற்றியது தண்ணீர்ச் சாயம். அதில் பெரும்பகுதி நீரே. நீர் சேரச் சேரச் சீனி கரையும், மாவு இளகும். இரண்டு, இளக்கத்தைப் போக்கத் தூவிய ஐசிங் சீனி தூய வெள்ளை. ஒரு கையால் சிவப்பைச் சேர்த்து, மறு கையால் வெள்ளையைச் சேர்த்தால் ரோசா நிறம்தானே வரும்? எனவே அடர்நிறத்துக்குப் பசைச் சாயமே ஏற்றது. அதில் நீர் குறைவு, நிறம் மிகுதி. பல்குத்தும் குச்சியின் நுனியால் எடுத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். 15 கிராம் ஜெலட்டினை 60 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில் தூவி, 5 நிமிடம் ஊறவிடுங்கள். ஜெலட்டின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. உண்பவர் எதை விலக்குபவர் என்று கேட்டறிந்து, அதற்கேற்ப வாங்குங்கள். ஊறிய ஜெலட்டினைச் சுடுநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துக் கரைத்து, அரைக் கோப்பை குளுக்கோஸ் பாகு, 1 மேசைக்கரண்டி உணவுக்குரிய கிளிசரின், 2 மேசைக்கரண்டி வெள்ளைக் கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும், சலித்த ஐசிங் சீனி 900 கிராமில் ஊற்றிப் பிசைய வேண்டும்.

முழு மாவும் அடர்நிறமாக வேண்டுமானால், சீனியில் ஊற்றுவதற்கு முன்பே அந்தப் பாகில் பசைச் சாயத்தைக் கலந்துவிடுங்கள். நிறம் சீராகப் பரவும். கை வலிக்கப் பிசைந்தும் கோடு கோடாக நிற்கும் தொல்லை இராது.

கறுப்பு வேண்டுமானால், வெள்ளை மாவிலிருந்து தொடங்காதீர்கள். ஐசிங் சீனியில் 100 கிராமைக் குறைத்து, அதற்குப் பதிலாகச் சலித்த கொக்கோத் தூளைச் சேர்த்தால் மாவு முதலிலேயே பழுப்பாகிவிடும். அதன்மேல் கறுப்புச் சாயம் கொஞ்சமே போதும். மிகுதியான சாயத்தின் கசப்பும் தெரியாது. கொக்கோ மாவை உலர்த்தும். வெடித்தால் சிறிது வெள்ளைக் கொழுப்பைத் தடவிப் பிசையுங்கள். கருஞ்சிவப்புக்குச் சிவப்போடு ஒரு துளி பழுப்பு, கருநீலத்துக்கு நீலத்தோடு ஒரு துளி கறுப்பு, கரும்பச்சைக்கும் அவ்வாறே.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சின் முக்கியப் பகுதி. வேண்டிய நிறத்துக்கு ஒரு படி குறைவாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். மாவைப் பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி, மூடிய பாத்திரத்தில் ஓரிரவு வையுங்கள். சிவப்பும் கறுப்பும் தாமாகவே இருளும். காலையில் பார்த்தால், இராத்திரி ஊற்ற நினைத்த அரைப் போத்தல் தேவையே இல்லை என்பது புரியும். ஆகவே சனிக்கிழமைக் கேக்குக்கு வியாழக்கிழமை இரவே மாவு பிசைய வேண்டும்.

அடர்நிற மாவைத் தேய்க்கும்போது சோளமாவோ சீனியோ தூவினால் வெள்ளைத் திட்டுகள் விழும். பலகையில் வெள்ளைக் கொழுப்பை மெல்லத் தடவிக்கொள்ளுங்கள். கையுறை அணிந்தால் கைகள் கறைபடா. முடித்த கேக்கைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தால், நம் நாட்டுப் புழுக்கத்தில் அதன்மேல் நீர் முத்துமுத்தாய்ப் பூத்து, சாயம் வழிந்தோடும். உள்ளே கெடும் பொருள் இல்லாத கேக்கை அட்டைப்பெட்டியில், வெயில் படாத இடத்தில் வைப்பதே நலம். வெயில் பட்டால் ஊதாவும் இளஞ்சிவப்பும் வெளுத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அனுமதிக்கப்பட்ட சாயமேயானாலும், குறைவாகச் சேர்ப்பதே பிள்ளைகளுக்கு நல்லது. டார்ட்ரசின், கார்மோசின் முதலிய 6 சாயங்களைச் சேர்த்த உணவின் உறையில், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்று அச்சிட வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2010இல் நடைமுறைக்கு வந்தது. ஆதலால் கேக் முழுவதையும் கறுப்பால் போர்த்த வேண்டியதில்லை. வெளிர்நிறத்தில் போர்த்தி, எழுத்து, எண், பூ, ஓரக்கோடு ஆகியவற்றை மட்டும் அடர்நிறத்தில் செய்யலாம். பார்ப்பதற்கும் எடுப்பாக இருக்கும், செலவும் குறையும்.

அந்தத் தாயும் அப்படித்தான் செய்தார். வீணாயிற்று என்று அழுத ரோசா நிற மாவையே, இளக்கம் நீங்க இன்னும் சீனி சேர்த்துப் பிசைந்து போர்வையாக்கினார். புதிதாகப் பிசைந்த சிறிதளவு மாவை ஓரிரவு வைத்திருந்து, கருஞ்சிவப்பில் இதழ்களும், கொக்கோ சேர்த்த கறுப்பில் பிள்ளையின் பெயரும் செய்து ஒட்டினார். கேக்கை வாங்கியவர்கள் அடுத்த மாதத்துக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோலப்பொடிப் பொட்டலம் பக்கத்து வீட்டுக்கே திரும்பிப் போயிற்று. அடுத்த தீபாவளிக்கு வாசலில் அழகாகவே இருக்கும்.

நேயர்களே, நிறம் ஊறி வர ஓர் இரவு கொடுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தை மட்டும் அடுப்படிக்குள் விடாதீர்கள்.