உடலும் ஓர் அமானிதமே

 

ஜும்ஆவுக்குச் செல்லும்போது பள்ளிவாசலின் ஓரத்தில் கதிரைகள் வரிசையாக இடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நோயினாலும் விபத்தினாலும் இயலாதவர்கள் அவற்றில் அமர்ந்து தொழுகின்றார்கள். அது மார்க்கம் வழங்கிய சலுகை. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், ஐம்பது வயதைக் கடந்தவுடனேயே நம்மில் பலர் அக்கதிரையைத் தேடுவது ஏன்? பல்லாண்டுகள் உடலை அசைக்காது வைத்திருந்ததும் அதற்கொரு காரணமல்லவா?

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் இளமையில் நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்தார்கள். இதனையறிந்த நபி (ஸல்) அவர்கள், உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்பதை உணர்த்தி, அளவோடு வணங்குமாறு பணித்தார்கள். முதுமை வந்தபோது, அன்று வழங்கப்பட்ட சலுகையை ஏற்றிருக்கலாமே என அந்த ஸஹாபி வருந்தியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கின்றோம். வணக்கத்திற்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்கலாகாது எனில், சோம்பலுக்காகப் பறிப்பது எங்ஙனம் தகும்?

ஏறத்தாழ 30 வயதின் பின்னர், பத்தாண்டுகளுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகின்றது. 60 வயதின் பின்னர் இக்குறைவு விரைவடைகின்றது. பலத்தின் பின்னர் பலவீனமும் நரையும் வருமென்பது இறைநியதி. ஆனால் அப்பலவீனம் முழுவதும் வயதினால் வருவதன்று.

1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில், 20 வயதுடைய ஐந்து இளைஞர்கள் ஆய்வொன்றுக்காக மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே ஐவரும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முப்பதாண்டு முதுமை அவர்களது உடலுழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையே அதனை அதிகமாகக் குறைத்திருந்தது! பின்னர் ஆறு மாதங்கள் படிப்படியாகப் பயிற்சி செய்ததும், அவர்களது திறன் இளமையில் இருந்த அளவை மீண்டும் எட்டியது.

முதியோருக்கும் வாயில் அடைபடவில்லை. 1990 இல் வெளியான ஆய்வொன்றில், பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, ஏறத்தாழ 90 வயதுடைய பலவீனமான முதியோர் எட்டு வாரங்கள் கால்களுக்குப் பளுப்பயிற்சி செய்தனர். அவர்களது கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் அதிகரித்தது.

"வேலை முடிந்து களைத்து வருகின்றேன், பயிற்சிக்குத் தெம்பேது?" எனச் சிலர் கேட்கின்றனர். தொடர்ந்து பயிற்சி செய்பவரின் தசைக் கலங்களில் சக்தியை உருவாக்கும் இழைமணிகள் பெருகுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைச் செலுத்துகின்றது. ஆகவே நேற்று மூச்சு வாங்க வைத்த படிக்கட்டு, சில மாதங்களில் எளிதாகின்றது. களைப்புக்கு அஞ்சி அசையாதிருப்பவரோ மேலும் களைப்படைகின்றார்.

இளைஞர்களே! கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிளிலா செல்வது? முதுமைக்கு முன் இளமையையும், நோய்க்கு முன் ஆரோக்கியத்தையும் பயன்படுத்துமாறு நமக்குச் சொல்லப்பட்டுள்ளதை மறவாதீர்கள்.

பெற்றோர்களே! 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது ஓடியாட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. டியூசன் வகுப்புக்காக அந்த நேரத்தைப் பறித்துவிடாதீர்கள். பெண்பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்போட்டியில் ஓடினார்கள் அல்லவா? வளர்ந்தோருக்கு வாரம் 150 நிமிட வேக நடையும், இரு நாட்கள் தசைப் பயிற்சியும் போதுமானது. நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையுடன் சிறிது சிறிதாக ஆரம்பிப்பார்களாக.

தொழுகை வணக்கமேயன்றி உடற்பயிற்சி அன்று. ஆனால் நெற்றியைத் தரையில் பதிக்க முழங்கால் இசைய வேண்டும். ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை நடக்க, ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தாங்கும் கால்கள் வேண்டும். ஹஜ்ஜுக்காகப் பணம் சேர்க்கின்றோம். கால்களுக்கு என்ன சேர்த்தோம்? இன்று அஸர் தொழுதபின் அரைமணி நேரம் நடந்து பாருங்கள்.

இறுதிவரை நின்று தொழவும் நெற்றி பதித்து ஸுஜூது செய்யவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.