என்ஜினீயர்கள் சங்கமும் நம் ஜனங்களும்

(சேத்தியாத்தோப்பில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் என்ஜினீயர்கள் சங்கம் என்பதாகும். இதைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வாஸ்தவந்தான். நான் எந்தக் காலேஜையும் மிதித்தவனல்ல. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் எடுபிடி வேலைக்குப் போனவன். பிறகு கண்டதைப் படித்து, கேட்டதை யோசித்து, ஏதோ இரண்டு வார்த்தை பேசப் பழகினவன். அவ்வளவுதான். ஆனாலும் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்திலே குடியிருக்கிற நமக்கு, அந்தச் சுரங்கத்தை நடத்துகிறவர்கள் எங்கே கூடுகிறார்கள், என்ன பேசுகிறார்கள், அதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பதற்கு ஒரு டிகிரியும் வேண்டியதில்லை. அதனாலேயே பேச ஒப்புக்கொண்டேன்.

சங்கம் என்றால் என்ன?

இன்ஸ்டிடியூஷன் ஆப் என்ஜினீயர்ஸ் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1920-ம் வருஷம் செப்டம்பர் மாதம் நமது சென்னையிலேயே ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. 1921-ல் கல்கத்தாவில் அப்போதைய வைசிராய் செம்ஸ்போர்டு பிரபு அதை ஆரம்பித்து வைத்தார். 1935-ல் இங்கிலாந்து அரசரின் சாசனமும் அதற்குக் கிடைத்தது. இன்று தேசமெங்கும் அதற்குக் கிளை நிலையங்கள் உண்டு. நமக்கு அடுத்த நெய்வேலி டவுன்ஷிப்பிலும் ஒன்று உண்டு.

இப்படிப்பட்ட கிளைகளில் என்ன நடக்கும் என்றால், மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டம் கூடும். கட்டடம், மின்சாரம், எந்திரம், சுரங்கம் என்று ஒவ்வொரு துறையிலும் வேலை பார்த்தவர், தாம் செய்ததையும் கண்டதையும் எடுத்துச் சொல்லுவார். மார்ச் மாதத்தில் தண்ணீர் தினம், ஜூனில் சுற்றுச்சூழல் தினம், செப்டம்பர் 15-ல் என்ஜினீயர்கள் தினம் என்று கொண்டாடுவார்கள். மாணவர்களுக்குப் போட்டிகளும் வைப்பார்கள்.

இதிலே நான் மெச்சுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. பேசுகிறவர் எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தராக இருந்தாலும் சரி, பேசி முடித்ததும் எதிரே இருக்கிறவர் எழுந்து, "நீர் சொன்ன கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். நமது கோவில் மண்டபத்தில் ராமாயணக் காலட்சேபம் நடக்கிறதே, அங்கே எழுந்து, "ஐயா, குரங்கு எப்படிச் சமுத்திரத்தைத் தாண்டிற்று?" என்று ஒருவன் கேட்டுவிட்டு வீடு திரும்ப முடியுமா? கேள்வி கேட்டால் பாவம் என்பது அங்கே முறை; கேட்காவிட்டால்தான் ஆபத்து என்பது இங்கே முறை. கேட்காவிட்டால் பாலம் இடியும், பாய்லர் வெடிக்கும்.

பாய்லர் கற்றுத்தந்த பாடம்

சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் பாய்லர் வெடிப்பது சர்வசாதாரணமாக இருந்தது. அதைத் தெய்வச் செயல் என்று சொல்லித் தலையில் கையை வைத்துக்கொண்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். 1905-ம் வருஷம் மார்ச் 20-ந் தேதி மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிராக்டன் என்ற ஊரில் ஒரு ஜோடுத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அந்த மாகாணத்தார் அதற்குப் பிறகு சட்டம் செய்தார்கள். 1880-ல் ஏற்பட்டிருந்த அமெரிக்க மெக்கானிகல் என்ஜினீயர்கள் சங்கத்தார் ஒரு கமிட்டி போட்டு, தகடு எவ்வளவு கனம் இருக்கவேண்டும், ஆணி எப்படி அடிக்கவேண்டும், ஆவி மிஞ்சினால் வெளியேற வால்வு எப்படி வைக்கவேண்டும் என்று விதிகள் எழுதினார்கள். 1914-ல் முடிந்த அந்த விதிப்புத்தகத்தை, இன்றைக்கும் திருத்தித் திருத்தி உலகமெங்கும் அனுசரிக்கிறார்கள்.

தோழர்களே! எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கியதால் ஒரு பாய்லராவது வெடிக்காமல் நின்றதுண்டா? வெடித்த பாய்லரைத் துண்டு துண்டாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, எங்கே தப்பு என்று தேடினதால்தான் நின்றது. ஆயுதபூஜையன்று எந்திரத்துக்குப் பொட்டு வைக்கிற என்ஜினீயரும் மறுநாள் காலையில் அழுத்தமானியின் முள்ளைத்தான் பார்க்கிறார், பொட்டைப் பார்ப்பதில்லை.

கதவு யாருக்குத் திறந்திருந்தது?

இந்தச் சங்கம் செய்த காரியங்களில் நம்மவர்களுக்கு மிகப் பிரயோஜனமானது அதன் பரீட்சையாகும். 1928 முதல் ஏ.எம்.ஐ.இ. என்ற பரீட்சையைச் சங்கம் நடத்திவந்தது. காலேஜுக்குப் போக வசதியில்லாதவன், பட்டறையிலோ மின்சார இலாகாவிலோ வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து அதை எழுதலாம். இரண்டு பகுதியும் தேறிவிட்டால் என்ஜினீயரிங் டிகிரிக்குச் சமம் என்று சர்க்காரும் ஒப்புக்கொண்டிருந்தது. "உன் தகப்பன் யார்? உன்னிடம் எத்தனை லட்சம் இருக்கிறது?" என்று அந்தப் பரீட்சை கேட்கவில்லை. கணக்குத் தெரியுமா என்றுதான் கேட்டது. தேறுவது லேசல்ல, பலர் வருஷக் கணக்கில் மல்லாடினார்கள். ஆனாலும் கதவு திறந்திருந்தது.

இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. 2013-ம் வருஷம் மே 31-ந் தேதி வரையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் டிகிரிக்குச் சமம் என்று மத்திய சர்க்கார் வரம்பு கட்டிவிட்டது. தராதரத்தைக் காப்பாற்ற என்று காரணம் சொல்லக்கூடும். தராதரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பரீட்சையை இன்னும் கடினமாக்குங்கள், செய்முறைச் சோதனையும் வையுங்கள், ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் பணம் கட்டிக் காலேஜில் உட்கார்ந்தவனுக்கு ஒரு நியாயம், பகலெல்லாம் ஸ்பேனர் பிடித்து இரவெல்லாம் படித்தவனுக்கு ஒரு நியாயமா?

என் சொந்த அநுபவத்தைச் சொல்லுகிறேன். இருபது வயதில், ஒரு நகரத்தில் மோட்டாரைப் பற்றிப் பிரசங்கம் நடக்கிறதென்று கேள்விப்பட்டு, வேலையை விட்டதும் எண்ணெய்ச் சட்டையோடு ஓடினேன். கடைசி வரிசையில் நின்றேன். பேசினவர் காயில் சூடேறுவதைப் பற்றிச் சொன்னார். எனக்கு அது கைகண்ட வித்தையாதலால் ஒரு சந்தேகம் கேட்டேன். பேசினவர் பதில் சொல்ல வாயெடுக்குமுன், முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, "தம்பி எந்தக் காலேஜ்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். என் கேள்விக்குப் பதில் வெகுநாள் கழித்து ஒரு பழைய புத்தகத்தில்தான் கிடைத்தது. அந்தக் கேள்வி தப்பல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஒரு விதவைப் பெண்ணின் கதை

தாய்மார்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று சொல்லுகிறேன். சென்னையில் 1919-ல் பிறந்த லலிதா என்ற அம்மைக்கு 15 வயதில் கலியாணம் ஆயிற்று. 18 வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு விதவையானார். அக்கால வழக்கப்படி அந்த அம்மையை மூலையில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். ஆனால் அவருடைய தகப்பனார், கிண்டி என்ஜினீயரிங் காலேஜ் ஆசிரியர், மகளை அதே காலேஜில் சேர்க்க ஏற்பாடு செய்தார். 1943-ல் அவர் மின்சார என்ஜினீயராக வெளிவந்தார். இந்தியாவில் என்ஜினீயரான முதல் பெண்களில் அவர் ஒருவர். சர்டிபிகேட்டில் ஆண்பாலாக அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுப் பெண்பாலாக எழுதிக் கொடுத்தார்களாம்! பிறகு பக்ரா நங்கல் அணைக்கட்டுக்கான மின்சாரக் கம்பி வேலையில் பங்கெடுத்தார். 1953-ல் லண்டன் மின் என்ஜினீயர்கள் சங்கம் அவரை அசோசியேட் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. 1964-ல் நியூயார்க்கில் கூடிய முதல் சர்வதேசப் பெண் என்ஜினீயர்கள் மகாநாட்டுக்கும் போய்வந்தார்.

அபசகுனம் என்று சாஸ்திரம் ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணை, சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து ஒரு சங்கம் "வா" என்று கூப்பிட்டது. சங்கத்தின் பெருமை அதிலேதான் இருக்கிறது.

என்ஜினீயர்கள் தினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்டம்பர் 15 என்பது விசுவேசுவரய்யா 1861-ல் பிறந்த நாள். அவர் பெரிய என்ஜினீயர் என்பதில் ஆட்சேபணை இல்லை. 1903-ல் கடக்வாசலா அணையில் தாமே திறந்து மூடும் கதவுகளை வைத்தார். கிருஷ்ணராஜ சாகரமும் அவர் முயற்சிதான். ஆனால், பிராமணரல்லாதாருக்கு உத்தியோகத்தில் பங்கு கொடுப்பதைப் பற்றி ஆராய மைசூர் மகாராஜா 1918-ல் மில்லர் கமிட்டியை நியமித்தபோது, அந்த ஏற்பாட்டுக்கு ஒப்பாமல் திவான் வேலையை விட்டவரும் அவரே. மாலை போடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லட்டும்.

நம் ஊர் சங்கதி

இனி நமது சங்கதிக்கு வருவோம். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு துளைத்தபோது கருப்பாக ஒரு வஸ்து வந்தது. 1956-ல் நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. 1957-ல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் வந்தது. இதற்கிடையில் என்ஜினீயர்கள் பட்ட பாடு சாமானியமல்ல. கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. அதை இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். ஒரு வருணஜபத்தாலும் ஆகாத காரியத்தைப் பம்புகளால் சாதித்தார்கள். அந்த அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால், அப்படி இறைக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நம் கிணற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இங்கே இருக்கும் விவசாயிக்கு யாராவது வந்து தமிழில், படம் போட்டு, விளக்கினார்களா? 2020-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. அன்றே 6 பேர் மாண்டார்கள். ஆஸ்பத்திரியில் பின்னும் பலர் மாண்டார்கள். அதே நிலையத்தில் மே மாதம் 7-ந் தேதிதான் மற்றொரு பாய்லர் வெடித்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் இரண்டு! மாண்டவர்களில் ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. அவர்களுடைய பெண்டு பிள்ளைகளுக்கு, எந்தத் தப்பால் இது நேர்ந்தது என்று புரியும்படி சொல்லுவது யார் கடமை? 2023 ஜூலை 26-ந் தேதி நமக்குப் பக்கத்து வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்புவதற்காக, விளைந்து நின்ற நெற்பயிரில் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று என்று நிர்வாகத்தார் சொன்னார்கள். இருக்கட்டும். ஆற்றைத் திருப்பக் கணக்குப் போட்டவர்களுக்கு, அறுவடைக்கு எத்தனை நாள் என்ற கணக்கு மட்டும் தெரியாமற் போயிற்றா?

நிர்வாகம் வேறு, சங்கம் வேறு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சங்கத்தாரிடம் கேட்கிறேன். எஜமானனுக்குப் பதில் சொல்லவேண்டிய இடம் ஆபீஸ். உண்மைக்குப் பதில் சொல்லவேண்டிய இடம் சங்கம். வருஷத்தில் நான்கு கூட்டத்தையாவது சுற்றுப்புறக் கிராமங்களில், தமிழில் நடத்துங்கள். எண்ணெய்ச் சட்டைக்காரனுக்கும் நாற்காலி போடுங்கள். அடைபட்ட பரீட்சைக் கதவைத் திறக்கச் சர்க்காரிடம் வாதாடுங்கள். விபத்து நடந்தால், அதற்குக் காரணம் இன்னதென்று ஜனங்கள் முன்னிலையில் சொல்லுங்கள்.

நம் மீதும் குற்றம் இருக்கிறது, தோழர்களே! தீமிதிக்கு வசூல் என்றால் வீட்டுக்கு ஐந்நூறு கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கூட்டம் என்றால் நாலு பேர் போவதில்லை. கிணறு வற்றினால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். நீர்மட்டம் எத்தனை அடி இறங்கிற்று என்று கயிறு விட்டு அளந்து எழுதிவைக்கிறோமா? அளந்து வைத்திருப்பவனிடம் எந்த என்ஜினீயரும் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அழுகிறவனிடம் எவனும் தப்பலாம்.

ஆகையால், நாளைக்கே ஒரு நோட்டுப் புத்தகமும் கயிறும் வாங்குங்கள். மாதம் ஒரு தடவை உங்கள் கிணற்றை அளந்து தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டம் நெய்வேலியில் என்றைக்கு என்று விசாரியுங்கள். அந்த நோட்டோடு போய்க் கடைசி வரிசையில் நில்லுங்கள், "எந்தக் காலேஜ்?" என்று கேட்டால், "சேத்தியாத்தோப்புக் கிணறு" என்று சொல்லுங்கள். என்னைப் போல வெளியே மட்டும் வந்துவிடாதீர்கள். பதில் வரும்வரையில் நில்லுங்கள்.